தொண்ணூற்றொன்றாம் நாள்

2024 ஜூன் 10, திங்கள்

எங்கள் வேலைத்திறன் பயிற்சி மையத்தில் புது பேட்ச் இன்று தொடங்கியது. இடம் 35. பெயர் கொடுத்தவர்கள் 41. காலையில் வந்து உட்கார்ந்தவர்கள் 26. வைகாசி முகூர்த்தமெல்லாம் முடிந்த பிறகு இன்னும் ஏழெட்டுப் பேர் வருவார்கள்.

அப்பாக்கள் சம்பளம் எவ்வளவு என்று கேட்கிறார்கள். அம்மாக்கள் ஹாஸ்டல் ரூமுக்கு உள்தாழ்ப்பாள் உண்டா என்று கேட்கிறார்கள். என்ன சொல்லிக்கொடுப்பீர்கள் என்று இந்த 31 வருஷத்தில் ஒருவரும் கேட்ட ஞாபகம் இல்லை.

செப்டம்பரோடு பொறுப்பை ஒப்படைக்கிறேன். எனக்கு அடுத்து வரும் தம்பி, "மேடம், தோணுறதை எழுதி வைங்க" என்று நச்சரித்ததால்தான் இது.

ஜூன் 13, வியாழன்

பீரோவை ஒழித்தபோது 1993ஆம் வருஷ வருகைப் பதிவேடு கிடைத்தது. அப்போது டிரைசெம் திட்டம், கிராமத்து இளைஞர்களுக்குச் சுயதொழில் பயிற்சி தந்த மத்திய அரசுத் திட்டம். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பத்துப் பிள்ளைகள், வயது 18 முதல் 35. தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் ஒரே மாவட்டமாக இருந்த காலம். அரூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் 20 பெண்களுக்கு நான் தையல் டீச்சர். முடித்தவர்களுக்கு மிஷினும் கிடைத்தது. போட்டோ எடுத்தோம், கலர் போட்டோ.

அடுத்த வருஷம் போய்ப் பார்த்தேன். அந்த ஊரில் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கக்கூடியவர்களே அந்த இருபது பேர்தான்! பாதி மிஷின் அடகில். மிச்சத்தின் மேல் துணி மடித்து வைத்திருந்தார்கள். ஒரு பெண் மட்டும் அரூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் கடை வாசலில் மிஷின் போட்டு ஃபால்ஸ் அடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு நான் அந்த யோசனையைச் சொல்லவில்லை. அவளாகத் தேடிக்கொண்டது. தைத்ததை யார் வாங்குவார்கள் என்று கேட்காமலே ஆறு மாதம் பாடம் நடத்தியிருக்கிறேன். சரி, அப்போது வயது இருபத்தேழு.

1979இல் ஆரம்பித்த டிரைசெம், 1999 ஏப்ரலில் பொன்விழா கிராம சுயவேலைவாய்ப்புத் திட்டத்தில் கரைந்தது. 2011இல் ஊரக வாழ்வாதார இயக்கம் வந்தது. 2014இல் தீன்தயாள் உபாத்யாயா பெயரில் கிராமத்துப் பிள்ளைகளுக்கான திறன் திட்டம். ஒவ்வொரு தடவையும் எங்கள் போர்டை மாற்றி எழுதினோம். எழுதியது ஒரே பெயிண்டர்.

ஜூன் 26, புதன்

வருகை பதியும் பயோமெட்ரிக் மிஷின் இன்றும் மூன்று பெண்களின் விரலை ஏற்கவில்லை. மூவரும் வீட்டில் புளி தட்டுகிறவர்கள், ரேகை தேய்ந்துபோயிருக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவி, துடைத்து, ஊதி, கடைசியில் ஒருத்திக்குக் கட்டைவிரல் எடுத்தது. மற்ற இருவருக்காக மேலிடத்துக்கு மெயில் எழுதினேன்.

ஜூலை 8, திங்கள்

காலையிலிருந்து போன். போன பேட்ச்சில் ஓசூர்ப் பக்கம் அசெம்பிளி வேலைக்குப் போனவர்களுக்கு முதல் சம்பளம் ஏறியிருக்கிறது.

"மேடம், பதினஞ்சாயிரத்து ஐநூறுன்னு சொன்னீங்க. பதினொண்ணுதான் வந்திருக்கு. ஏமாத்திட்டாங்களா?"

சம்பளச் சீட்டை வாட்ஸப்பில் அனுப்பச் சொன்னேன். மொத்தம் 15,500. அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்த்து 12,000, அதில் 12 சதவீதம் பி.எஃப். 1,440. மருத்துவக் காப்பீட்டுக்கான ஈ.எஸ்.ஐ., மொத்தத்தில் முக்கால் சதவீதம், 117. ஹாஸ்டல் சாப்பாடு 2,000. கையில் 11,943. கணக்கு சரிதான். பி.எஃப்.பில் கம்பெனியும் அதே 12 சதவீதம் போடுகிறது என்றதும் "அதையும் இப்பவே குடுக்கச் சொல்லுங்க மேடம்" என்றாள்! அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அவள் வீட்டில் கந்துக்காரர் வாரா வாரம் வருகிறார்.

பலர் வேலையை விடுவது இந்த ஒரு நாளில்தான். வேலை கஷ்டம் என்பதைவிட, சொன்ன தொகை வேறு வந்த தொகை வேறு என்பதுதான் அவர்களைச் சுடுகிறது. இனி முதல் வாரமே சம்பளச் சீட்டைப் போர்டில் எழுதிக் கழித்துக் காட்ட வேண்டும். சால்டரிங் பாடம் அப்புறம் இருக்கட்டும்.

ஜூலை 24, புதன்

நன்கொடையாளர் கூட்டம். ஒரு ஆளுக்கு என்ன செலவு, எத்தனை பேருக்கு வேலை. இந்த இரண்டு கேள்வியோடு டீ வந்துவிட்டது.

அரசுத் திட்டத்தில், பயிற்சி முடித்தவர்களில் 70 சதவீதம் பேருக்கு வேலை காட்ட வேண்டும். மூன்று மாதம் சம்பளம் வாங்கியிருந்தால்தான் அது வேலை என்று கணக்கில் ஏறும். விதி தப்பில்லை. அது இல்லாத காலத்தில் வேலை நியமன ஆர்டர் நகலைக் காட்டியே பணம் வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் 91ஆம் நாள் அந்தப் பிள்ளை எங்கே என்று யாரும் கேட்பதில்லை. அதற்காகத்தான் நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். ஒரு வருஷத்துக்கு, மாதம் ஒரு போன். அந்த நோட்டை எந்த ஆடிட்டரும் கேட்டதில்லை.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

ஆடிப்பெருக்குக்கு லீவில் வந்தவர்களில் மூன்று பேர் திரும்பவில்லை. இந்த வருஷம் காவிரியில் வெள்ளம், ஒகேனக்கல்லில் குளிக்கவே தடை. ஆனாலும் ஆடி 18க்கு ஊருக்கு வராமல் இருப்பார்களா?

பென்னாகரம் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனேன். வாசலில் புளிக் குவியல். அம்மா தட்டிக்கொண்டே, "வாங்க டீச்சரம்மா" என்றார். இந்தப் பக்கம் நான் இன்னும் டீச்சர்தான். பெண் கதவுக்குப் பின்னால் நின்றாள்.

"கோவமா மேடம்?"

"இல்லம்மா. என்ன ஆச்சு?"

கேட்டதற்கு ரொம்ப நேரம் கழித்துச் சொன்னாள். எட்டு மணி நேரமும் நின்றபடி வேலை. மாதவிலக்கு நாளில் உட்காரக் கேட்டிருக்கிறாள், லைன் லீடர் எல்லார் முன்னாலும் சிரித்திருக்கிறார். அவ்வளவுதான். கம்பெனியின் ஹெச்.ஆரிடம் பேசினேன். உட்கார்ந்து செய்கிற டெஸ்டிங் லைனில் இடம் பார்க்கிறேன் என்றார். பெண் யோசிக்கிறேன் என்றாள். நான் வற்புறுத்தவில்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

நோட்டைத் தம்பியிடம் கொடுத்துவிட்டேன். மத்தியானமே போன்.

"மேடம், அந்தப் பென்னாகரம் பொண்ணு நம்பர் ஸ்விட்ச் ஆஃப்."

"பக்கத்தைத் திருப்புங்க. பின்னாடி மளிகைக்கடை நம்பர் இருக்கும். கடைக்காரர்கிட்ட 'டீச்சர் ஆபீஸ்'னு சொன்னாதான் கூப்பிட்டுக் குடுப்பார்."

அரை மணி நேரத்தில் மெசேஜ் வந்தது: திங்கட்கிழமை காலை பஸ்ஸில் போகிறாளாம். கடைக்காரர் பழைய பாக்கி 340 ரூபாயையும் நினைவுபடுத்தச் சொன்னாராம்.