புள்ளிமானுக்கு எத்தனை புள்ளி?

தரம் 9 கட்டுரைக் கொப்பிகளுக்கு எப்படிப் புள்ளி போடுகிறேன் என்று முன்பு யாராவது கேட்டிருந்தால் சொல்ல வெட்கப்பட்டிருப்பேன். முதல் ஐந்தாறு கொப்பியைப் புரட்டி, "இந்த முறை வகுப்பு இவ்வளவுதான்" என்று மனதில் ஓர் அளவு பிடிப்பேன். அதற்குப் பிறகு பன்னிரண்டு, பதினாலு என்று கை தன்பாட்டில் போட்டுக்கொண்டு போகும். பெயரைப் பார்க்காமல் திருத்தினேன் என்று சத்தியம் பண்ண முடியாது.

பக்கத்து வகுப்புத் தமிழ் ஆசிரியையும் நானும் ஒருநாள் ஐந்து கட்டுரைகளைப் போட்டோகொப்பி எடுத்துத் தனித்தனியாகத் திருத்திப் பார்த்தோம். ஒரு கட்டுரைக்கு நான் 16, அவர் 11. நான் முத்து முத்தான கையெழுத்தில் விழுந்துவிட்டேன். அவர் ஒவ்வொரு ணகர, னகர மாற்றத்துக்கும் அரைப் புள்ளி வெட்டியிருந்தார். அன்று பின்னேரம்தான், சேவைக்காலப் பயிற்சியில் தந்து நாங்கள் அலுமாரியில் பூட்டி வைத்திருந்த மதிப்பீட்டு நியதித் தாளைத் தேடி எடுத்தோம். பயிற்சியில் அதை ரூபிரிக் என்றார்கள். ஆசிரியர் அறையில் அதற்குப் பெயர் 'கட்டம்'.

உள்ளடக்கம், ஒழுங்கமைப்பு, மொழிநடை, எழுத்தும் இலக்கணமும், நேர்த்தி என்று ஐந்து நியதிகள். ஒவ்வொன்றுக்கும் ஆசிரியர் வழிகாட்டிகளில் வருகிற அதே நான்கு படிகள்: மிக நன்று 4, நன்று 3, சாதாரணம் 2, விருத்தியடைய வேண்டும் 1. நான்காக இருப்பது ஒருவகையில் நல்லது. ஐந்து படி இருந்தால் களைத்துப்போன ஆசிரியர் நடுவில் இருக்கிற மூன்றில் போய் ஒதுங்கிவிடுவார். நான்கில் நடு இல்லை, மேலா கீழா என்று தீர்மானித்தே ஆகவேண்டும்.

கட்டங்களுக்குள் என்ன எழுதுவது என்பதில்தான் சண்டை வந்தது. "கருத்துகள் போதியளவு ஒழுங்காக உள்ளன" என்று எழுதினேன். "போதியளவு எண்டா எவ்வளவு?" என்றார் அவர். என்னிடம் பதில் இல்லை. அதை வெட்டிவிட்டு "ஒரு பந்தியில் ஒரு விடயம் மட்டும் இருக்கிறது" என்று எழுதினோம். கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியதாக இருந்தால் இரண்டு பேருக்கும் ஒரே விடை வருகிறது. அடுத்தது எழுத்துப்பிழை. 'பறவை'யை ஏழு இடத்தில் 'பரவை' என்று எழுதிய பிள்ளைக்கு ஒரு பிழையா, ஏழு பிழையா? (பரவை என்றால் கடல். கடலோரத் திருகோணமலையில் இருக்கிற எங்கள் பிள்ளை அதை எழுதினால் பிழையே இல்லை என்றும் வாதாடலாம்.) இடைவேளையில் தொடங்கிய வாதம் கடைசி மணி அடிக்கும்வரை போனது. ஒரே சொல் எத்தனை தரம் வந்தாலும் ஒரு பிழை என்று முடித்தோம்.

கணக்கில் சறுக்கினோம். எல்லா நியதியிலும் 'நன்று' வாங்கிய பிள்ளைக்கு இருபதுக்கு 15, அதாவது 75. அது ஏ சித்தி, ஆக உயர்ந்த தரம்! ஒன்றுமே சரியாக எழுதாத பிள்ளைக்கும் 25 கிடைத்தது, ஏனென்றால் கட்டத்தில் சுழியமே இல்லை. புள்ளிப் பட்டியலைப் பார்த்த பெற்றோருக்கு நல்ல சந்தோசம். அடுத்த தவணை படிகளை 3, 2, 1, 0 என்று மாற்றினோம். அதே 'நன்று' 67க்கு இறங்கியது. "பிள்ளை போன தவணையை விடக் குறைஞ்சிட்டாளே, டீச்சர்" என்று வந்த தாய்க்கு, பிள்ளை குறையவில்லை, எங்கள் கணக்குத்தான் குறைந்தது என்று விளங்கப்படுத்த அரை மணித்தியாலம் ஆனது. அவர் நம்பினார் என்று நான் நினைக்கவில்லை.

நேரமும் மிச்சமாகவில்லை. நாற்பது கொப்பி, ஐந்து நியதி என்றால் இருநூறு தீர்மானம். முன்பு நாற்பதோடு முடிந்தது.

'எங்கள் ஊரில் ஓரிடம்' என்று தலைப்புக் கொடுத்தேன். வகுப்பில் பாதிக்கு மேல் கோணேசர் கோயிலுக்கும் அதன் பக்கத்துப் பாறைப் பிளவான இராவணன் வெட்டுக்கும் போயிற்று. கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளைச் சிலர் எழுதினார்கள். ஒருவன் சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளை எடுத்து, 99 தாங்கிகள், 1942 ஏப்ரல் 9 யப்பானியக் குண்டுவீச்சு என்று இலக்கங்களாக அடுக்கியிருந்தான். உள்ளடக்கத்தில் முழுப் புள்ளி. ஆனால் அவன் அந்தத் தாங்கிகளை ஒருநாளாவது பார்த்தானா என்று கட்டுரையில் தெரியவில்லை.

ஒரு பிள்ளை பஸ் நிலையப் பக்கத்தை எழுதியிருந்தாள். முன்னுரை இல்லை, முடிவுரை இல்லை. அம்மாவின் மரக்கறிப் பையை, ஊருக்குள் திரிகிற புள்ளிமான் ஒன்று பின்னால் வந்து இழுக்கிறது. அம்மா திட்டுகிறா, மான் நகரவில்லை, கடைசியில் ஒரு கட்டுக் கீரையைக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறுகிறார்கள். பஸ் யன்னலால் பார்த்தால், மான் கீரையை விட்டுவிட்டு சொப்பிங் பையைச் சப்பிக்கொண்டு நிற்கிறது. அத்தோடு கட்டுரை முடிகிறது. எங்கள் கட்டம் அதற்குக் கொடுத்தது பதினைந்துக்கு 7. இரண்டு தரம் கூட்டிப் பார்த்தேன். கூட்டல் சரி.

புள்ளியை நான் மாற்றவில்லை. ஒரு தரம் மாற்றினால் பிறகு கட்டம் எதற்கு? ஆனால் அடுத்த தவணைக்கு ஆறாவது நியதியாக 'தானே கண்டதை எழுதுதல்' என்று சேர்த்து, தாளை முன்கூட்டியே பிள்ளைகளிடமும் கொடுத்தேன். மான் கட்டுரையை வகுப்பில் வாசித்தும் காட்டினேன். அதுதான் நான் விட்ட பிழை. 'மழைக்காலம்' என்று தலைப்புக் கொடுத்தால், இருபத்தாறு கட்டுரையில் மான் நனைந்தது.

அந்தப் பிள்ளையின் கட்டுரையில் மான் இல்லை. தகரக் கூரையில் மழை கொட்டும்போது டீச்சரின் வாய் மட்டும் அசைவதையும், பின் வாங்கில் இருப்பவர்கள் விளங்கியதுபோலத் தலையாட்டுவதையும் எழுதியிருந்தாள். கொப்பியைத் தரும்போது மெதுவாகக் கேட்டாள்: "டீச்சர், இந்த முறை மான் வரேல்லை. புள்ளி குறையுமோ?"

ஆறாவது நியதியை இப்போது பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.