தோள் பதில் சொல்லக் கூடாது

நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தராக இருப்பதில் எனக்குச் சம்பளத்தைத் தவிர ஒரு லாபம் உண்டு: நாள் முழுக்க லோடுமேன்களைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். 40 கிலோ மூட்டை முதுகில் விழும்போது அவர்கள் தோள் மேலே எழும்புவதே இல்லை. கனம் இடுப்பு வழியாகக் குதிகாலுக்கு இறங்கிவிடுகிறது. புதிதாக வரும் ஜிம் பையன்கள் முதலில் தோளைத்தான் தூக்குவார்கள். சீக்கிரமே மூச்சு வாங்கிவிடும். லோடுமேன்களிடம் இருக்கிற இதைத்தான் நான் உள்வலிமை என்கிறேன்.

தஞ்சாவூரில் கல்லூரியில் படித்தபோது கோஜூ ரியூ கராத்தே பழகினேன். ஒகினாவாவில் மியாகி சோஜுன் (1888–1953) உருவாக்கிய முறை. அதன் அடித்தளம் சான்சின் என்ற காட்டா, அதாவது வரிசை மாறாமல் தனியாகச் செய்யும் அசைவுத் தொகுப்பு. மெதுவாக சில அடி நடை, சில குத்து, சத்தமான மூச்சு, பெரும்பாலும் அவ்வளவுதான். கால் விரல்கள் சற்று உள்நோக்கி, முழங்கால் லேசாக மடங்கி, தோள் இறங்கி இருக்க வேண்டும். மாஸ்டர் சுற்றி வந்து தோளிலும் தொடையிலும் பளாரென்று தட்டுவார், வயிற்றில் கை வைத்துத் தள்ளுவார். இதற்கு சிமே என்று பெயர். எங்கே வீணாக இறுகியிருக்கிறோம், எங்கே பிடிப்பு விட்டிருக்கிறது என்பது தட்டுகிற கைக்குத் தெரிந்துவிடும்.

தனியாகப் பழகுகிறவனுக்கு இல்லாதது அந்தக் கைதான். கண்ணாடியில் நம் நிலை எப்போதும் அழகாகத்தான் இருக்கும்.

உள்வலிமை என்றதும் யூடியூபில் தொடாமலே ஆளை விழவைக்கும் பெரியவர்களை நினைக்காதீர்கள். விழுகிறவர்கள் எல்லாரும் அவர்களுடைய சீடர்களாகவே இருக்கிறார்கள், கவனித்தீர்களா? நான் சொல்வது சாதாரண விஷயம். ஒருவர் தள்ளினால் அந்த விசை தோளில் தங்காமல் தரைக்குப் போக வேண்டும். அதற்கு எதையாவது நம்மைத் தள்ள வைக்க வேண்டும்.

எனக்குக் கிடைத்தது வாய்க்கால். குடமுருட்டி ஆற்றிலிருந்து பிரிந்து எங்கள் வயல் ஓரமாக வருகிறது. ஓட்டத்தைப் பார்த்துத் தொடையளவு தண்ணீரில் சான்சின் நிற்பேன். மாஸ்டரின் கை தள்ளிவிட்டு எடுத்துவிடும், தண்ணீர் விடாது. எதிர்த்துச் சாய்ந்து நின்றும் சமாளிக்கலாம். ஆனால் மேலே யாராவது மடையைத் திறந்து ஓட்டம் தணிந்தால் முன்னால் தடுமாறுவோம். அப்போது சாய்ந்து நின்றது அம்பலமாகிவிடும். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: நீரின் வேகம் இரட்டிப்பானால் தள்ளும் விசை நான்கு மடங்காகும். தண்ணீர் ஏறுகிற நாளில் இறங்காதீர்கள். ஆற்றில் எந்த நாளுமே வேண்டாம், மணல் அள்ளிய குழி எங்கே இருக்கிறது என்று தெரியாது.

வாய்க்காலில் தண்ணீர் வர வேண்டுமே, அதனால் என் பயிற்சிக் காலத்தை மேட்டூர் அணைதான் முடிவு செய்கிறது. வழக்கமாகத் திறப்பது ஜூன் 12. 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள், 2024இல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வறண்ட மாதங்களுக்கு ஜாடி. ஒகினாவாக்காரர்கள் நிகிரி காமே என்று வைத்திருக்கிறார்கள்: வாய் விளிம்பை விரல்களால் பற்றி, இரு கையிலும் தொங்கவிட்டு, சான்சின் நடை நடப்பது. கொஞ்சம் கொஞ்சமாக மணல் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். பிளாஸ்டிக் குடம் சரிவராது. அம்மாவின் பழைய ஊறுகாய் ஜாடிகள் விளிம்போடு கச்சிதமாக இருந்தன. "ஆவக்காய் போட என்னடா பண்றது?" என்று கேட்டார். பதில் இல்லை, ஜாடி மட்டும் என்னிடம் இருக்கிறது. விரல் தளர்ந்ததும் தோள் காதுவரை ஏறப் பார்க்கும். அந்த இடத்தில் கீழே வைத்துவிடுவேன். அதற்குமேல் நடந்தால் தப்பான பழக்கம்தான் பலப்படும். மூச்சை அடக்கி முக்கவும் கூடாது, ரத்த அழுத்தம் ஏறும்.

எங்கள் நிலையத்து லோடுமேன் அண்ணன் ஒருவர் என்னை வாய்க்காலில் பார்த்துவிட்டு, "என்ன சார், சாமி வந்த மாதிரி நிக்கிறீங்க?" என்றார். நிலையைச் சொல்லிக்கொடுத்து, அவர் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினேன். அசையவில்லை. திருப்பி அவர் தள்ளியபோது நான் இரண்டடி பின்னால் போனேன். மூச்சு மட்டும்தான் அவருக்கு வரவில்லை. பீடியை விட்டால் வரும் அண்ணே என்றேன். அப்போதுதான் அவருக்கு லாரி வந்துவிட்டது ஞாபகம் வந்தது.