புள்ளியியல்காரருக்கு வைரஸ் பாடம்

கோவையில் எங்கள் எச்.ஐ.வி. ஆய்வுக்குழுவுக்குப் புள்ளியியல் படித்த பெண் ஒருவர் வேலைக்கு வந்தார். நாமக்கல் பக்கம் சொந்த ஊர், அப்பா லாரி ஓட்டுகிறார். கணக்கில் கெட்டி. நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களில் ஒரு வகையான டி செல் என்றால் என்னவென்றுதான் தெரியாது. நோயெதிர்ப்பியலும் வைராலஜியும் சொல்லிக்கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. தடித்த பாடப்புத்தகம் ஒன்றைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள் என்றார்கள். நான் கொடுக்கவில்லை. செல்களுக்கிடையே செய்தி கடத்தும் இன்டர்லூகின் புரதங்களின் பெயர்களை மனப்பாடம் செய்து அவர் என்ன செய்யப் போகிறார்? தன் மேசைக்கு வரும் எண் எங்கே, எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்தால் போதும் என்பது என் கட்சி.

முதல் அட்டவணையிலேயே அதற்கு வேலை வந்துவிட்டது. ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று காட்டும் வைரல் லோடு பத்தியில் சிலருக்கு ‘20க்குக் கீழ்’ என்றும், சிலருக்கு ‘கண்டறியப்படவில்லை’ என்றும் இருந்தது. இரண்டையும் 0 என்று போட்டுவிட்டார். வைரல் லோடு இருபது முப்பதிலிருந்து பல லட்சம் வரை போகும் என்பதால் லாக் (மடக்கை) எடுத்துத்தான் ஆராய்வோம். பூஜ்யத்துக்கு லாக் கிடையாது. மென்பொருள் அந்த வரிகளைச் சத்தமில்லாமல் கழற்றிவிட்டது. யாருடைய வரிகள்? மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு வைரஸை அடக்கி வைத்திருப்பவர்களுடையவை! அவர்களைத் தள்ளிவிட்டு மிச்சப் பேருக்குச் சராசரி போட்டால், மருந்தே வேலை செய்யவில்லை என்றுதான் தோன்றும்.

சரி, வாங்க என்று ஆய்வகத்துக்குக் கூட்டிப்போனேன். ஊதா மூடிக் குழாயில் வந்த ரத்தத்தைச் சுழற்றி பிளாஸ்மாவைப் பிரிப்பதையும், வைரஸின் மரபுப்பொருளைப் பெருக்கி அளக்கும் பிசிஆர் கருவியின் திரையில் கோடுகள் எழும்புவதையும் பக்கத்தில் நின்று பார்த்தார். ஒவ்வொரு சுற்றிலும் மரபுப்பொருள் ஏறக்குறைய இரட்டிக்கிறது. எந்தச் சுற்றில் கோடு மேலே வருகிறதோ, அதை வைத்துத்தான் கணக்கு. ரொம்பத் தாமதமாக வந்தால் வைரஸ் இருப்பது தெரிகிறது, நம்பி எண்ணத்தான் முடியாது. அதுதான் ‘20க்குக் கீழ்’. கோடே வராவிட்டால் ‘கண்டறியப்படவில்லை’. அப்போதும், எச்.ஐ.வி. குறிவைக்கும் சிடி4 என்ற டி செல் வகையில் உறங்கும் நினைவு செல்களின் டி.என்.ஏ.வுக்குள் வைரஸ் ஒளிந்திருக்கும். மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் திரும்பிவிடும்.

“அப்ப அது பூஜ்யமும் இல்லீங்க, இருபதும் இல்லீங்க, நடுவுல எங்கயோ இருக்குதுங்க மேடம். இதுக்கு எங்ககிட்ட முறை இருக்குதுங்க” என்றார். இருந்தது. அளவுகோலுக்குக் கீழே மறைந்த தரவைக் கையாளும் அந்தப் புள்ளியியல் மாதிரியை அன்றைக்கே எழுதிவிட்டார்.

ரத்தத்தில் சிடி4 செல்களை எண்ணும் பாடம் சீக்கிரம் முடிந்தது. ஒரே ஆளுக்கு அந்த எண்ணிக்கை காலையில் ஒன்று, ராத்திரியில் ஒன்று; காய்ச்சல் வந்தால் இன்னும் இறங்கும். 350 அடுத்த முறை 310 ஆனதற்கெல்லாம் கதை எழுதக் கூடாது.

அப்புறம் டேவிட் ஹோ, ஆலன் பெரல்சன் கதையைச் சொன்னேன். ஒருவர் மருத்துவர், மற்றவர் கணக்குக்காரர். நோய் வெளியே தெரியாத வருடங்களில் வைரஸ் சும்மா கிடக்கிறது என்று பலர் நினைத்திருந்த காலம். மருந்து கொடுத்ததும் வைரஸ் இறங்கும் சரிவை அளந்து, உடம்பில் தினமும் சுமார் ஆயிரம் கோடி வைரஸ்கள் உருவாகி அழிகின்றன என்று 1996இல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். கணக்கை வைத்து உயிரியலையே திருத்த முடியும் என்பதில் அவருக்கு ஏக சந்தோஷம்.

அவர் எங்களுக்குச் சொல்லித்தந்தது வேறு. குறித்த தேதிக்கு வராதவர்களைத் ‘தரவு இல்லை’ என்று போட்டு, தற்செயலாக விடுபட்டதாகவே எடுத்துக்கொள்வது எங்கள் வழக்கம். “இதுல பாதிப் பேரு டிரைவருங்க மேடம். வடக்க லோடு ஏத்திப் போனா எங்கப்பாவே எப்ப வருவாருன்னு சொல்ல முடியாதுங்க. வராதவங்களுக்கு மாத்திரையும் தீர்ந்திருக்குமுங்க” என்றார். வைரஸ் ஏறியிருக்க வாய்ப்புள்ளவர்கள்தான் அட்டவணையில் காணாமல் போகிறார்கள் என்று அர்த்தம். எங்கள் படிவத்தில் இப்போது ‘ஊரில் இல்லாத நாட்கள்’, ‘கையில் மிச்சமிருக்கும் மாத்திரை’ என்று இரண்டு கட்டங்கள் கூடியிருக்கின்றன. நிரப்புகிற நர்ஸ் அக்காவுக்குத்தான் கடுப்பு.