ஆட்டுக் கண்ணில் முதல் தையல்

நேற்று இரண்டாம் ஆண்டு எம்பிபிஎஸ் பிள்ளைகள் 12 பேரைக் கண் அறுவைப் பயிற்சி அறைக்கு அழைத்திருந்தேன். கறிக்கடை அண்ணன் காலையிலேயே ஆட்டுக் கண்களை எடுத்து வைத்திருந்தார். தெர்மாகோலில் குழி பறித்துக் குண்டூசியால் பொருத்தினோம். உயிரில்லாத கண் தொய்ந்திருக்கும், அப்படியே வெட்டினால் கத்தி வழுக்கும். அதனால் ஊசி வழியே சலைன் ஏற்றிக் கெட்டியாக்கினோம்.

அப்புறம் கண்ணில் தையல் போட 10-0 நைலான் நூல். தலைமுடியைவிட மெல்லியது. மைக்ராஸ்கோப்பில் முதலில் தெரிவது நம் கைநடுக்கம்தான். ஒரு பெண் இரண்டு முறை நூலை அறுத்துவிட்டாள். "மணிக்கட்டை அந்தரத்துல வைக்காதம்மா, கீழ ஊன்றிக்கோ" என்றேன். மூன்றாவது முறை முடிச்சு விழுந்தது. அதுவரை பிடித்திருந்த மூச்சை அப்போதுதான் விட்டாள்.

நான் படித்தபோது கண் தியேட்டரில் பார்த்ததெல்லாம் சீனியர்களின் முதுகைத்தான். நம் நாட்டில் பார்வையிழப்புக்கு முதல் காரணம் கண்புரை. அதைச் சரிசெய்யப்போகும் கைகளை முதுநிலை வரை ஏன் காக்க வைக்க வேண்டும்?

மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிப்போன டாக்டர் கோ. வெங்கடசாமி, கத்தி பிடிக்கத் தானே பழகிக்கொண்டு, 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். இதையும் அவர்களிடம் சொன்னேன். அறையே அமைதியாகிவிட்டது.

அடுத்த சனிக்கிழமை, கண்புரை அறுவையில் செய்வதுபோல் கண் லென்ஸின் மேலுறையை வட்டமாகக் கிழிக்கும் பயிற்சி. தக்காளித் தோலில் ஆரம்பிக்கிறோம். பழைய மைக்ராஸ்கோப் யாரிடமாவது சும்மா கிடந்தால் சொல்லுங்கள், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.