மல்பெரியை எப்போது வெட்டலாம்? தங்கச்சிமடத்துத் தோட்டக் குறிப்பு

மார்கழி

மழை விட்டு மணல் காய ஆரம்பித்துவிட்டது. மல்பெரி ஆள் உயரத்தைத் தாண்டிவிட்டது. கடல் பக்கம் நீண்ட கிளைகளில் வாடைக்காற்று பட்டு இலை ஓரமெல்லாம் கருகல். கவாத்து பண்ண, அதாவது கிளைகளைக் குறைத்து வெட்ட, இதுதான் நேரம்.

கத்தி வைப்பதற்கு முன் இங்கிலாந்தில் இருக்கும் மச்சானிடம் பேசினேன். அவர் கொல்லையில் பிளாக்பெர்ரியும் ராஸ்பெர்ரியும் நிற்கின்றன. அங்கே கணக்கே வேறு. பிளாக்பெர்ரிக்கு வேர் பல வருஷம் இருக்கும், தண்டுக்கு ஆயுசு இரண்டே வருஷம். முதல் வருஷம் இலை, மறுவருஷம் பழம், அப்புறம் காய்ந்துபோகும். அதனால் பழம் பறித்து முடிந்த தண்டைத் தரையோடு வெட்டிவிட்டு, அந்த வருஷம் கிளம்பிய புதுத் தண்டை விட்டுவைக்கிறார். கோடையில் காய்க்கும் ராஸ்பெர்ரிக்கும் இதே வழி. இலையுதிர் காலத்தில் காய்க்கும் ரகத்தை மட்டும் குளிர்காலக் கடைசியில் மொத்தமாக மொட்டையடிக்கலாம். அது புதுத் தண்டின் நுனியிலேயே காய்த்துவிடும். ரகம் தெரியாமல் எல்லாவற்றையும் வெட்டினால் ஒரு வருஷப் பழம் போச்சு.

இங்கேயும் நட ஆசைதான். ஆனால் அந்தச் செடிகள் குளிரில் உறங்கி எழ வேண்டும். போர்வை தேடாத எங்கள் பாம்பன் தீவு மார்கழியை வைத்துக்கொண்டு அவை என்ன செய்யும்? கொடைக்கானல் மலையில் அந்த இனத்துக் காட்டுச் செடிகள் தாமாகவே முளைக்கின்றன. கடற்கரைக்காரனுக்கு மல்பெரிதான்.

மல்பெரிக்கு யோசனை சொன்னது பக்கத்துத் தோட்டத்து அக்கா. மல்லிகை நாற்று போடுகிறவர். எங்கள் ஊர் மல்லிகை நாற்றுக்கு வெளிமாநிலம் வரை கிராக்கி. பூவுக்கு விட்ட மல்லிகையைக் கார்த்திகை வாக்கில் தண்ணீரை நிறுத்தி, தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் விட்டு வெட்டுவது வழக்கம். மொட்டு புதுத் துளிரில்தான் வரும். "உங்க மரமும் அந்தச் சாதிதான் தம்பி. துளிர்ல காய்க்கிறதை வெட்டப் பயப்படாதீங்க. ஈரத்துல மட்டும் கத்தி வைக்காதீங்க" என்றார்.

இடுப்பு உயரத்துக்கு இறக்கிவிட்டேன். வெளிப்பக்கம் பார்க்கும் கணுவுக்குச் சற்று மேலே, சாய்வாக ஒரு வெட்டு. பால் வடிந்து கையெல்லாம் பிசுபிசுப்பு. உள்நோக்கியும் குறுக்கேயும் போன கிளைகள் அடியோடு போயின. மிச்சக் கிளைகளில் இலையை ஒன்றுவிடாமல் உருவினேன். இந்த உருவல்தான் முக்கியம்: இலை போனால் தூங்கும் கணுவெல்லாம் ஒரே நேரத்தில் விழிக்கும். பார்த்துவிடலாமே என்று ஒரு கிளையை மட்டும் இலையோடு விட்டிருக்கிறேன்.

சில நுனிகளில் இலை சுருண்டு தடித்திருந்தது. மாவுப்பூச்சி வேலை, பட்டுப்பூச்சி வளர்ப்பவர்கள் துக்ரா என்பார்கள். அவற்றைக் குப்பையில் போடாமல் எரித்துவிட்டேன். பென்சில் கனக் குச்சிகள் மணலும் எருவும் கலந்த பைகளுக்குப் போயின.

தை

துளிர்கள். ஒவ்வொரு துளிரின் அடியிலும் பச்சைப் பிஞ்சு சேர்ந்தே வருகிறது. இலையோடு விட்ட கிளையில் நுனியில் மட்டும் ஏதோ கொஞ்சம்.

கடல் பக்கம் பனையோலைப் படல் கட்டியாயிற்று. தண்ணீர்தான் கவலை. தீவில் நல்ல தண்ணீர் உப்புத்தண்ணீர் மேல் மெல்லிசாக மிதக்கிறது. மோட்டார் போட்டு உறிஞ்சினால் கீழிருந்து உப்பு ஏறிவிடும். வாளியில் இறைத்துத்தான் ஊற்றுகிறேன்.

மாசி

பழம் சிவந்ததும் பறித்துவிடாதீர்கள், வாய் கூசும். நன்றாகக் கறுத்து, தொட்டதும் கையோடு வரவேண்டும். குயிலும் மைனாவும் நமக்கு முன்னே எழுந்துவிடுகின்றன. மீன்பிடிக்கிற பழைய நைலான் வலையை மரத்தின் மேல் இழுத்து, தொய்வில்லாமல் கட்டியிருக்கிறேன். தொய்ந்தால் அணில் சிக்கிக்கொள்ளும். பழம் மறுநாள் வரை தாங்காது, கடைக்கு ஆகாது. வீட்டுப் பிள்ளைகள் சட்டையில்தான் கணக்கு தெரிகிறது.

பழம் முடிந்ததும் இன்னொரு கவாத்து பண்ணலாம் என்று மச்சான் உசுப்பேற்றுகிறார். வைகாசியில் கச்சான் காற்று மணலை வாரி அடிக்கும்போது இளந்துளிர் நிற்காது. ஆவணி வரை முற்றிய இலையோடு நிற்கட்டும். காற்று தணிந்த பிறகு லேசாக நுனி கிள்ளிப் பார்க்கிறேன். பைக்குச்சிகளில் வேர் பிடித்தவற்றில் இரண்டை அக்காவுக்குக் கொடுக்கிறேன். பதிலுக்கு மல்லிகை நாற்று தருவதாகச் சொல்லியிருக்கிறார்.