பூச்சியம் என்று வந்த 19 காலைகள்

மாரி தொடங்கிய வாரத்தில்தான் அந்தக் கோளாறும் தொடங்கியிருக்கிறது. நான் அதைக் கண்டுபிடித்தபோது நவம்பர் முடிந்து, மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தடியில் வாவி கலங்கல் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நான் பராமரிக்கும் 17 சேவையகங்களில் இன்னும் போடப்படாத பேட்ச்கள் (மென்பொருள் திருத்தங்கள்) எவை என்பதை ஒவ்வோர் இரவும் தானாகவே ஆராய்ந்து, காலையில் மின்னஞ்சலாக அனுப்பும் பணியொன்றை 2021 இல் எழுதி வைத்திருந்தேன். அந்தப் பணி தொடர்ந்து 19 நாட்கள், உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம் ஓடும் 11 இயந்திரங்களுக்கு நேரே பூச்சியம் என்று எழுதி அனுப்பியது. நானும் 19 காலைகள் தேநீரோடு அதைப் பார்த்துத் திருப்திப்பட்டிருக்கிறேன்.

இடையில் ஒரு நாள் எங்கள் கணக்காளர் அண்ணன் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, உங்கட சேர்வர் எல்லாம் பச்சையாக் கிடக்கு. இந்த மாசம் ரீபூட் ஒண்டும் வேணாம்தானே?" என்று கேட்டார். வேண்டாம் என்று சொன்னேன். அந்தப் பதிலை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

நடந்தது இதுதான். இணைய இணைப்பு மெதுவானது என்பதால் உபுண்டு இயந்திரங்கள் அனைத்தும் மென்பொருள் பொதிகளை நேரடியாக இறக்காமல், சாமான் அறையில் இருக்கும் பழைய கணினியொன்றின் வழியாகவே இறக்கும்படி அமைத்திருந்தேன். ஒரு பொதியை ஒரு இயந்திரம் இறக்கினால் மற்றவை அந்தப் பிரதியையே எடுத்துக்கொள்ளும். மழையோடு வந்த மின்வெட்டொன்றில் அந்தக் கணினியின் யூபிஎஸ் பழுதாகி, கணினியும் அணைந்துவிட்டது. அன்றிலிருந்து எந்த உபுண்டு இயந்திரத்தாலும் பொதிகள் கிடைக்கும் இணையக் களஞ்சியத்தின் புதிய அட்டவணையை, அதாவது எந்தப் பொதியில் எந்தப் பதிப்பு வந்திருக்கிறது என்ற பட்டியலைப் பெற முடியவில்லை. ஆனால் ஆப்ட்-கெட் அப்டேட் என்ற கட்டளை அட்டவணையை இறக்க முடியாதபோது, சில அட்டவணைகளைப் பெற முடியவில்லை, பழையவையே பயன்படுத்தப்பட்டன என்று ஓர் எச்சரிக்கை வரியை மட்டும் எழுதிவிட்டு, வெற்றி என்பதற்கான 0 என்ற குறியெண்ணோடு முடிந்துவிடும். என் பணி அந்தக் குறியெண்ணை மட்டுமே பார்த்தது. மாதத் தொடக்கத்தில்தான் எல்லாப் பேட்ச்களையும் போட்டு முடித்திருந்தேன் என்பதால், பழைய அட்டவணையோடு ஒப்பிட்டால் எதுவும் குறைவில்லை. இன்னொரு லினக்ஸ் வகையான அல்மாலினக்ஸ் ஓடும் இயந்திரங்கள் நான்கும் அந்தக் கணினியை நம்பியிருக்கவில்லை. அவற்றுக்கு நேரே எண்கள் வழக்கம்போல் ஏறி இறங்கின. அறிக்கையில் ஏதோவோர் அசைவு இருந்தபடியால் சந்தேகமும் எழவில்லை.

வேறொரு தேவைக்காக ஒரு சனிக்கிழமை ஓர் உபுண்டு இயந்திரத்துக்குள் நுழைந்து அதே கட்டளையைக் கையால் கொடுத்தபோதுதான் அந்த எச்சரிக்கை வரிகள் திரையில் வரிசையாக விழுந்தன. சாமான் அறைக் கணினியை எழுப்பிவிட்டு மறுபடி கையால் ஆராய்ந்ததில், அந்த ஒரு இயந்திரத்தில் மட்டும் 41 பொதிகள் பின்தங்கியிருந்தன. இயங்குதளத்தின் மையமான கெர்னலும் அவற்றில் ஒன்று.

பேட்ச் ஆய்வுப் பணி சொல்லும் பூச்சியத்துக்கு இரண்டு பொருள் உண்டு. குறை எதுவும் இல்லை என்பது ஒன்று. பார்க்கவே இல்லை என்பது மற்றொன்று. அறிக்கையில் இரண்டும் ஒரே வடிவத்தில்தான் வரும். ஆகவே பணியை மறுபடி எழுதும்போது, எத்தனை பேட்ச் குறைகிறது என்ற கேள்வியை இரண்டாவது இடத்துக்குத் தள்ளிவிட்டு, எந்த நாளின் அட்டவணையைக் கொண்டு பார்த்தாய் என்ற கேள்வியை முதலில் வைத்தேன்.

உபுண்டு 22.04 இலும் அதற்குப் பின் வந்தவற்றிலும், அட்டவணை இறக்கும் கட்டளையோடு எரர்-ஆன் என்ற தெரிவை எனி என்ற மதிப்புடன் சேர்த்துக் கொடுத்தால், எந்த ஒரு அட்டவணை தவறினாலும் கட்டளை தோல்வி என்றே முடியும். இதை முதலிலேயே அறிந்திருந்தால் 19 நாட்களும் மிச்சமாகியிருக்கும். ஆனாலும் அது மட்டும் போதாது. நாம் நம்பியிருக்கும் நகல் களஞ்சியமே புதுப்பிக்கப்படாமல் நின்றுபோயிருந்தால், அட்டவணை பிழையின்றி இறங்கும். இறங்குவது பழைய அட்டவணையாக இருக்கும். எனவே ஒவ்வொரு களஞ்சியத்தோடும் வரும் இன்ரிலீஸ் கோப்பில் உள்ள திகதி வரியைப் பணி படிக்கிறது. பாதுகாப்புக் களஞ்சியத்தின் திகதி மூன்று நாட்களுக்கு மேல் பழையதாக இருந்தால், எண்ணை எழுதாமல் 'பழைய அட்டவணை' என்று எழுதுகிறது.

இரண்டாவது பிழையும் என்னுடையதுதான். பின்தங்கிய பொதிகளை எண்ணுவதற்கு ஆப்ட்-கெட் அப்கிரேட் கட்டளையை, எதையும் உண்மையில் நிறுவாத ஒத்திகை முறையில் ஓடவிட்டு, இன்ஸ்ட் என்று தொடங்கும் வரிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். அந்தக் கட்டளை ஏற்கெனவே இருக்கும் பொதிகளை உயர்த்துமேயன்றிப் புதிய பொதியைச் சேர்க்காது. உபுண்டுவில் புதிய கெர்னல் ஒவ்வொன்றும் புதிய பெயரோடு ஒரு புதிய பொதியாகவே வருகிறது. அதாவது, மிகவும் முக்கியமான பேட்ச் என் கணக்கில் வருவதற்கே வழியில்லாமல் இருந்தது. டிஸ்ட்-அப்கிரேட் என்று ஒத்திகை பார்த்தால் கெர்னலும் கணக்கில் சேர்கிறது. ஒத்திகைக்கு ரூட் (முழு நிர்வாகி) உரிமை தேவையில்லை என்பது இன்னொரு வசதி. ஆய்வுக்கெனத் தனிப் பயனர் கணக்கொன்றை உருவாக்கி, அட்டவணையைப் புதுப்பிக்கும் ஒரேயொரு கட்டளைக்கு மட்டும் சூடோ அனுமதி (நிர்வாகியாக ஓடவிடும் அனுமதி) கொடுத்திருக்கிறேன். ஆராயும் கணக்கால் எதையும் நிறுவ முடியக் கூடாது என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. நள்ளிரவில் தானாகப் பேட்ச் போட்டுக் காலையில் தரவுத்தளம் எழும்பாத அனுபவம் ஒரு முறை போதும்.

அல்மாலினக்ஸில் சிக்கல் நேரெதிரானது. டிஎன்எஃப் செக்-அப்டேட் என்ற கட்டளை, இற்றைப்படுத்தல் எதுவும் இல்லையென்றால் 0, இருந்தால் 100, பிழையென்றால் 1 என்று முடியும். 0 அல்லாத எதையும் தோல்வியாகக் கருதும் ஷெல் நிரலில் இதை எழுதினால், பேட்ச் வந்திருக்கும் நாளில்தான் பணி இடையில் செத்துவிழும். பேட்ச் இல்லாத நாளில் நன்றாக ஓடும். பல இயந்திரங்களில் ஒரே பணியை ஓட்டும் கருவியான ஆன்சிபிள் வழியாக ஓடவிடுவோருக்கும் இதே கதைதான். 100 என்பது தோல்வியல்ல என்று அதற்குத் தனியே சொல்லிக்கொடுக்க வேண்டும்.

பொதியின் பதிப்பெண்ணை மட்டும் பார்த்து முடிவு சொல்லும் கருவிகளை நான் நம்புவதில்லை. 2024 ஜூலை 1 ஆம் திகதி தொலைவிலிருந்து சேவையகத்துக்குள் நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்எச் மென்பொருளின் வழுவொன்றைக் குவாலிஸ் என்ற பாதுகாப்பு நிறுவனத்தார் வெளியிட்டனர். 2006 இல் திருத்தப்பட்ட ஒரு வழு 8.5 ஆம் பதிப்பில் மறுபடி உள்ளே வந்திருந்தது. 9.8 இல் அது சரிசெய்யப்பட்டது. அந்த மாதம் வெளியாள் ஒருவர் எங்கள் சேவையகங்களை ஸ்கேன் செய்து பார்த்துவிட்டு, உபுண்டு 22.04 இல் 8.9 ஓடுகிறது, ஆபத்து என்று சிவப்பு எழுத்தில் அறிக்கை தந்தார். உபுண்டுக்காரர்களோ பதிப்பெண்ணை உயர்த்தாமல், 8.9 க்குள்ளேயே திருத்தத்தைச் சேர்த்து, வால் எண்ணை மட்டும் ஏற்றி வெளியிட்டிருந்தார்கள். நாங்கள் அதைப் போட்டும் முடித்திருந்தோம். அதை விளக்கி மூன்று கடிதங்கள் எழுத வேண்டியிருந்தது. திருத்தம் வந்ததா இல்லையா என்பதை அந்தந்த வெளியீட்டாளரின் பாதுகாப்புப் பதிவிடம்தான் கேட்க வேண்டும்.

நிறுவியதும் ஓடுவதும் வேறு வேறு என்பதையும் பணி பார்க்க வேண்டும். கெர்னல் பேட்ச் வட்டில் இறங்கியிருக்கும். இயந்திரம் ரீபூட் ஆகாமல் 200 நாட்கள் பழைய கெர்னலிலேயே ஓடிக்கொண்டிருக்கும். ஒத்திகை அதைப் பூச்சியம் என்றே சொல்லும். எனவே ஓடும் கெர்னலையும் வட்டிலுள்ள மிகப் புதிய கெர்னலையும் ஒப்பிட்டு, வேறுபட்டால் 'ரீபூட் நிலுவை' என்று அறிக்கையில் தனிக் கட்டத்தில் எழுதவைத்தேன். கணக்காளர் அண்ணன் இப்போது அந்தக் கட்டத்தைத்தான் முதலில் பார்க்கிறார்.

நேர அமைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதலில், குறித்த நேரத்தில் பணிகளை ஓட்டும் க்ரானில் அதிகாலை 2.30 க்கு வைத்திருந்தேன். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த காலத்தில், அந்த நேரத்தில் அணைந்திருந்த இயந்திரம் அன்றைய ஆய்வை அப்படியே தவறவிட்டது. க்ரான் தவறியதை நினைவில் வைத்துக்கொள்வதில்லை. க்ரானுக்கு மாற்றான சிஸ்டம்டி டைமரில் பெர்சிஸ்டன்ட் என்ற வரியை ஆம் என்று எழுதினால், தவறிய பணி இயந்திரம் எழும்பிய பின் ஓடிவிடும். எல்லா இயந்திரங்களும் ஒரே நிமிடத்தில் ஒரே இணைப்பில் முட்டிக்கொள்ளாமலிருக்க, ஒவ்வொன்றும் 40 நிமிடத்துக்குள் ஏதோவொரு நேரத்தில் தொடங்கும்படி தாமதமும் வைத்திருக்கிறேன். சில இயந்திரங்களின் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் ஓடுவதையும் கவனிக்க வேண்டும். இங்கு அதிகாலை 2.30 என்றால் அவற்றுக்கு முந்தைய நாள் இரவு 9 மணி. அறிக்கையில் திகதி ஒன்று குறைந்து வந்ததைப் பார்த்து ஒரு காலை முழுதும் வீணாகியிருக்கிறது.

எங்களிடம் ஐபிஎம்மின் ஏஐஎக்ஸ் இயங்குதளம் ஓடும் இயந்திரம் ஒன்றும் உண்டு. லினக்ஸ்போல் களஞ்சியத்தைக் கேட்டுப் பதில் பெறும் வழக்கம் அங்கில்லை. ஓஎஸ்லெவல் கட்டளை 7200-05-03-2148 என்பதைப்போல் ஒரு நீண்ட எண்ணைத் தரும். கடைசி நான்கு இலக்கங்கள் 2021 ஆம் ஆண்டின் 48 ஆவது வாரம் என்று பொருள்படும். நிறுவிய பொதிகளின் பட்டியலை எடுத்து, ஐபிஎம் வெளியிடும் வழுப் பட்டியலோடு ஒப்பிடும் நிரலை அவர்களே தருகிறார்கள். வாரத்துக்கு ஒரு முறை அதை ஓடவிடுகிறேன். அந்த இயந்திரத்துக்கு அவ்வளவு போதும்.

இந்த மாற்றங்களில் எனக்கு மிகவும் பிடித்தது நோஞ்சான். வெளியுலகம் அணுக முடியாத ஒரு சிறிய மெய்நிகர் இயந்திரத்துக்கு நான் வைத்த பெயர் அது. அதற்கு வேண்டுமென்றே பேட்ச் போடாமல் விட்டிருக்கிறேன். அதன் எண் ஒவ்வொரு வாரமும் ஏறிக்கொண்டே போக வேண்டும். நோஞ்சானின் எண் இரண்டு வாரம் அசையாமல் நின்றாலோ, பூச்சியமாக வந்தாலோ, கோளாறு ஆய்வுப் பணியில் இருக்கிறது. அறிக்கையைத் தொகுக்கும் இயந்திரமும் வந்த பதில்களை மட்டும் அச்சிடாமல், நோஞ்சானோடு சேர்த்து 18 பெயர்களையும் எப்போதும் அச்சிட்டு, பதில் வராதவற்றுக்கு நேரே 'பார்க்கப்படவில்லை' என்று எழுதுகிறது.

புதிய பணி ஓடிய முதல் இரவிலேயே அது மாட்டிக்கொடுத்தது சென்ட்ஓஎஸ் 7 என்ற பழைய லினக்ஸ் ஓடும் இயந்திரத்தை. அதற்கான ஆதரவு 2024 ஜூன் 30 ஆம் திகதியோடு முடிந்து, களஞ்சியமும் காப்பகத்துக்குப் போய்விட்டது. காப்பக முகவரியைக் கொடுத்தால் அட்டவணை அழகாக இறங்கும், பிழை ஒன்றும் வராது, குறையும் ஒன்றுமிராது. பழைய அறிக்கைகளில் அதுதான் எல்லாவற்றையும்விடச் சுகமான இயந்திரம். இப்போது திகதியைப் பார்க்கும் பணி அதன் பூச்சியத்தை அழித்துவிட்டுச் சிவப்பில் 'பழைய அட்டவணை' என்று எழுதுகிறது. அதில் ஓடும் கணக்கு மென்பொருளை நிதியாண்டு முடியும் மார்ச் 31 வரை தொட வேண்டாம் என்று கணக்காளர் அண்ணன் கேட்டிருக்கிறார். அதுவரை அதை உள் வலையமைப்புக்குள் ஒதுக்கி வைத்திருக்கிறேன். அந்த வரியை அறிக்கையிலிருந்து மறைத்துவிடலாமே என்று அவர் ஒரு முறை கேட்டார், மறைக்கவில்லை.