ஆள்காட்டி விரல்

பெங்களூரில் ராமநவமி வந்துவிட்டால் ஒரு மாதத்துக்கு எங்கள் வீட்டில் ராத்திரி அடுப்பு சரியாக எரியாது. நான் பந்தல் பந்தலாக அலைந்துகொண்டிருப்பேன். 1939-இல் ஆரம்பித்த பெரிய சங்கீத விழா ஒன்று சாமராஜ்பேட்டை கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்தில் உண்டு. அது போக மல்லேஸ்வரம், பசவனகுடி, ஜெயநகர் என்று பேட்டைக்குப் பேட்டை சின்னதும் பெரிதுமாக. பானகம், நீர்மோர், கோசம்பரி எல்லாம் கிடைக்கும். ஊறவைத்த பாசிப்பருப்பில் வெள்ளரிக்காயும் தேங்காயும் சேர்த்து, எலுமிச்சை பிழிந்து, தொன்னையில் தருவார்கள். இரண்டு தொன்னை உள்ளே போனால் இரவுச் சாப்பாடு முடிந்தது. இரண்டாவது முறை வாங்கும்போது முகத்தைக் கொஞ்சம் வேறு மாதிரி வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

எனக்கு சங்கீதம் தெரியும் என்று ஒரு நினைப்பு. காரணம், நாங்கள் இருப்பது வயாலிகாவல். நாலு தெரு தள்ளிப் போனால் சௌடையா நினைவு அரங்கம். கட்டடமே படுக்க வைத்த வயலின் மாதிரி இருக்கும். மைக் சரியாக இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும் என்று நாலு தந்தி வயலினை ஏழு தந்தியாக்கி வாசித்தவர் சௌடையா. அவர் பேரில் உள்ள அரங்கத்தின் காற்று முப்பது வருடமாக மேலே படுகிறதே, கொஞ்சமாவது ஒட்டாதா? போதாக்குறைக்கு, சின்ன வயதில் ஆறு மாதம் வயலின் வகுப்புக்குப் போயிருக்கிறேன். ஏழாவது மாதம் வாத்தியார் அப்பாவைக் கூப்பிட்டு, "பையன் நல்லாப் படிக்கிறானாமே, படிப்புல விடுங்க" என்றார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு ஒரு பாடகர் மேல் பைத்தியம். பெயர் வேண்டாம். நடந்ததில் அவர் தப்பு ஒன்றும் இல்லை, ஆனாலும் வேண்டாம். 1996-இல் நான் வாங்கிய அவருடைய கேசட் இன்னும் பீரோவில், துணிகளுக்கு நடுவே, பூச்சி உருண்டை வாசனையோடு இருக்கிறது. ஓட்டிக் கேட்க மெஷின் இல்லை. அட்டையில் அவருக்கு மீசை கறுப்பு, எனக்கு அப்போது தலை நிறைய முடி.

அப்படிப்பட்டவர் மல்லேஸ்வரம் பக்கம் ஒரு பள்ளிக்கூட மைதானத்துப் பந்தலில் பாட வருகிறார் என்று தெரிந்ததும், கேசட் அட்டையில் கையெழுத்து வாங்கியே தீருவது என்று முடிவு செய்தேன். என்ன பேசுவது என்று இரண்டு நாள் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை. "உங்க காம்போதி ராகத்த முதல்ல கேட்டப்போ எனக்குக் கல்யாணம்கூட ஆகலை சார்" என்று ஆரம்பிப்பதாகத் திட்டம். சமையலறையிலிருந்து மனைவி, "அதையே ஒரு குறை மாதிரி ஏன் சொல்றீங்க?" என்றாள்.

அன்றைக்குப் பட்டுக்கரை வேட்டி, ஜரிகை அங்கவஸ்திரம், கல்யாணத்தில் மாமனார் போட்ட நவரத்தின மோதிரம். ஐந்து மணிக்கே போய் முதல் வரிசையில் நடு நாற்காலியைப் பிடித்தேன். மனைவி பக்கத்தில், கையில் எதற்கும் இருக்கட்டும் என்று வெந்நீர் பிளாஸ்க்கோடு.

கச்சேரி பிரமாதம். அவர் அடிக்கடி என் பக்கம் பார்த்தார். இரண்டு தடவை லேசாகச் சிரித்தார். "பார்த்தியா, ரசிகன் யாருன்னு அவருக்குத் தெரியுது" என்று மனைவியிடம் சொன்னேன்.

கச்சேரியின் பெரிய உருப்படி, ராகம் தானம் பல்லவி. அதுவும் காம்போதி! எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தானம் முடிந்து, பல்லவி என்ன தாளம் என்று அவர் மைக்கில் சொன்ன நேரம் பார்த்து மாம்பழ மழை பிடித்துக்கொண்டது. ஏப்ரல் மாதம் இந்த ஊரில் அப்படித்தான், சொல்லிக்கொண்டு வராது. தகரக் கூரையில் தடதடவென்று கொட்ட, எனக்குக் காதில் விழுந்தது "... ஜாதி திரிபுட தாளம்" மட்டும்.

இங்கேதான் என் அரைகுறை அறிவு வேலையைக் காட்டியது. ஆதி தாளம் என்று நாம் சொல்வதற்குப் புத்தகப் பெயர் சதுஸ்ர ஜாதி திரிபுட தாளம். ஆறு மாத வகுப்பில் என் மண்டையில் நின்ற ஒரே விஷயம் அது. "ஆதி தாளத்தைத்தான் அப்படி கெத்தா சொல்றார்" என்று மனைவிக்கு விளக்கிவிட்டு, தொடையில் போட ஆரம்பித்தேன். ஒரு தட்டு, சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல். அப்புறம் தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. மொத்தம் எட்டு. அது ஒரு சுற்று, அதாவது ஒரு ஆவர்த்தனம்.

அவர் சொன்னது கண்ட ஜாதி திரிபுட தாளம். அதில் நடு விரலுக்கு அப்புறம் ஆள்காட்டி விரலும் உண்டு. மொத்தம் ஒன்பது.

அன்றைக்கு எனக்கு அது தெரியாது. கொஞ்ச நேரத்தில் ஏதோ இடிக்கிற மாதிரி இருந்தது. நான் தட்டு போடுகிற இடத்தில் அவர் வேறு எங்கேயோ இருந்தார். "மிருதங்கம் இன்னைக்குக் கொஞ்சம் ஆட்டம் காணுது" என்று மனைவி காதில் ஓதினேன். நம்மால் முடிந்த உதவியைச் செய்வோம் என்று தாளத்தை இன்னும் பலமாக, மேடைக்குத் தெரிகிற மாதிரி கையைத் தூக்கிப் போட்டேன். அவ்வப்போது ஒரு இடத்தில் எல்லாம் டக்கென்று சேர்ந்துகொள்ளும். அப்போதெல்லாம், 'அப்பாடா, வழிக்கு வந்துட்டாங்க' என்று "பலே!" போட்டேன். கொஞ்ச நேரத்தில் அவர் கண்களை இறுக்க மூடிக்கொண்டுவிட்டார். கடைசிவரை திறக்கவில்லை. பாட்டில் அப்படியே கரைந்துபோய்விட்டாரே என்று நானும் உருகினேன்.

மங்களம் முடிந்ததும் மனைவி கையிலிருந்த பிளாஸ்க்கை வாங்கிக்கொண்டு, தொண்டைக்கு இதமாக வெந்நீர் கொடுத்துப் பேச்சை ஆரம்பிக்கலாம் என்று பின்னால் ஓடினேன். வகுப்பறை ஒன்றை அவர்களுக்காக ஒழித்துக் கொடுத்திருந்தார்கள். பெஞ்சில் மாலைகள், தேங்காய் பழத் தட்டு. சுவரில் பிள்ளைகளுக்கான வாய்ப்பாட்டு அட்டை. இங்கே அதை மக்கி என்பார்கள். மிருதங்கக்காரர் மிருதங்கத்தின் இடது பக்கமான தொப்பியில் அப்பியிருந்த ரவையை விரலால் வழித்துக் காகிதத்தில் தடவிக்கொண்டிருந்தார். முகத்தில் களைப்பு.

நான் வாயைத் திறப்பதற்குள் பாடகர் என் வேட்டியையும் அங்கவஸ்திரத்தையும் பிளாஸ்க்கையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வாங்க சார், உங்களைத்தான் தேடிட்டிருந்தோம்" என்றார். எனக்குப் புல்லரித்தது.

"சர்க்கரை இல்லாத காபி கேட்டேனே, வந்துதா?"

விழாக் குழு ஆள் என்று நினைத்துவிட்டார். இல்லை சார், நான் ரசிகன், என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் கேட்டுவிட்டாரே! வெந்நீரைக் கொட்டிவிட்டு, மழைத் தண்ணீரில் வேட்டியைத் தூக்கிக்கொண்டு தெருமுனை தர்ஷினிக்கு, நின்றுகொண்டே சாப்பிடும் ஓட்டலுக்கு, ஓடினேன். "சக்கரே பேடா, சக்கரே பேடா" என்று இரண்டு தடவை சொல்லி வாங்கி வந்தேன். தர்ஷினிக் காபியில் சர்க்கரை போடாமல் வாங்குவது லேசுப்பட்ட காரியம் இல்லை, அதை இந்த ஊர்க்காரர்கள் அறிவார்கள்.

அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "உங்க விழா ரொம்ப நல்லா இருக்கு சார். ஒரே ஒரு விஷயம், தப்பா எடுத்துக்காதீங்க" என்றார்.

"சொல்லுங்க சார்."

"முன் வரிசைல நடுவுல ஒருத்தர் உக்காந்திருந்தாரே, யார் அது?"

நான் பிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். அது ஏற்கெனவே இறுகித்தான் இருந்தது.

"மேடை வெளிச்சத்துல முகம் தெரியலை. கை மட்டும் தெரிஞ்சுது. விரல்ல பெரிய மோதிரம், தட்டுக்குத் தட்டு பளிச் பளிச்னு அடிக்குது. நான் ஒன்பது போடறேன், அவர் எட்டு போடறார்!"

மிருதங்கக்காரர் தலையை நிமிர்த்தாமலே, "அதுவும் விட்டுக்கொடுக்காம" என்றார்.

"எட்டு ஆவர்த்தனத்துக்கு ஒரு தடவை எங்களோட வந்து சேந்துக்கறார். அந்த இடத்துல எங்களுக்கு ஒரு பலே வேற! அப்புறம் மறுபடி கிளம்பிடறார். இவர் மிருதங்கத்துல தனி ஆவர்த்தனம் வாசிக்கறப்போ நான் என் கையைப் பாக்கறதா, அவர் கையைப் பாக்கறதா? சிரிச்சுப் பார்த்தேன், நிறுத்துவாரான்னு. நிறுத்தலை. கடைசில கண்ணை மூடிட்டேன்."

என் பார்வை தானாகச் சுவரிலிருந்த மக்கி அட்டைக்குப் போனது. எட்டு ஒன்பது எழுபத்திரண்டு. ஒன்பது எட்டும் எழுபத்திரண்டு. மனிதர் சரியாகத்தான் எண்ணியிருக்கிறார்.

மோதிரத்தைக் கட்டை விரலால் மெல்ல நெம்பி, கல்லை உள்ளங்கைப் பக்கம் திருப்பிக்கொண்டேன். இருபத்தைந்து வருடமாகக் கழற்றாத மோதிரம், நகரவே மாட்டேன் என்றது. சந்தேகத்துக்கு இடம் வேண்டாம் என்று கையையே ஜிப்பாப் பைக்குள் விட்டேன். உள்ளே கேசட் தட்டுப்பட்டது. அட்டையில் அவர் கறுப்பு மீசையோடு சிரித்துக்கொண்டிருப்பார்.

"யாருன்னு தெரியலை சார். விசாரிக்கறேன்" என்றேன். குரல் என்னுடையது மாதிரியே இல்லை.

"மனசு நோகச் சொல்ல வேண்டாம். நல்ல ரசிகராத்தான் இருப்பார். தாளம் மட்டும் மனசுக்குள்ள போட்டுக்கட்டும்."

"நான் சொல்லிடறேன் சார். எனக்குத் தெரிஞ்சவர்தான்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். மனைவி. எப்போது வந்தாள், எதுவரை கேட்டாள் என்று தெரியவில்லை. முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. அவள் அப்படி முகத்தை வைத்துக்கொண்டால், வீட்டுக்குப் போய் இரண்டு நாள் சிரிக்கப் போகிறாள் என்று அர்த்தம்.

"ரொம்ப நன்றிம்மா" என்று அவளைப் பார்த்துக் கும்பிட்டார். அத்தனை வருடம் கேட்டவன் நான், கும்பிடு அவளுக்கு!

அப்புறம் தம்புராவைத் தூக்கிக்கொண்டு கார்வரை போனேன். அதையும் என்னிடம்தான் கொடுத்தார்கள். கார் கிளம்பும்போது கண்ணாடியை இறக்கி ஏதோ சொல்ல வந்தார். கேசட்டைப் பாதி வெளியே எடுத்துவிட்டேன். "நாளைக்குக் காலைல ஏர்போர்ட் வண்டியை அஞ்சு மணிக்கே அனுப்பச் சொல்லிடுங்க சார், இந்த ஊர் டிராபிக்கை நம்ப முடியாது" என்றார். சரி என்றேன். அதையும் ஓடிப்போய் நிஜமான குழுக்காரர் ஒருவரைத் தேடிப் பிடித்துச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். ஆட்டோவில் வரும்போது மனைவி பேசவில்லை. தோள் மட்டும் குலுங்கிக்கொண்டே இருந்தது.

ஒரு வாரம் கோபமாக இருந்தேன், யார் மேல் என்று தெரியாமல். கேசட் மறுபடி பீரோவுக்குப் போய்விட்டது. அவர் பாட்டை ஒரு மாதம் கேட்கவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரும் வீட்டில் இல்லாதபோது, அவருடைய வேறொரு பல்லவியைக் கைப்பேசியில் போட்டுவிட்டு ஆள்காட்டி விரலையும் சேர்த்து எண்ணிப் பார்த்தேன். அது ஆதி தாளம்.

அடுத்த வருடம் அதே பந்தல், வேறு பாடகர். இந்த முறை எட்டாவது வரிசை, ஓரத்து நாற்காலி. உட்கார்ந்ததும் மனைவி என் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வர்ணம் முடிந்தது, விடவில்லை. ஆலாபனை முடிந்தது, விடவில்லை. பக்கத்திலிருந்த அம்மாள் தன் வீட்டுக்காரரை முழங்கையால் இடித்து, "பாருங்க, இந்த வயசிலயும் எப்படி இருக்காங்கன்னு" என்றார். அவர் எட்டிப் பார்த்து, என்னை முறைத்தார்.

மேடையில் தனி ஆவர்த்தனம் ஆரம்பித்தது. மனைவி பிடியை இறுக்கினாள்.